மச்சான் கழுத்தில் ஒரு நெல்லிக்காய்

சுக்கு இடிக்கிற வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் காப்பியோ கஷாயமோ ஞாபகம் வரும். எனக்குக் கருப்பையா மச்சானின் கழுத்து ஞாபகம் வரும்.

போன வாரம் இலுப்பூர் கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே யாரோ சுக்கை இடித்துக்கொண்டிருந்தார்கள். காரமும் காய்ந்த மண்ணும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும், என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துபோனது.

"என்னண்ணே வேணும்?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமில்லீங்க. மச்சான் ஞாபகம் வந்துருச்சு."

"அதுக்கு நம்மகிட்ட மருந்து இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டப் போய்விட்டார்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் சைக்கிள் திருட்டுப் போன கதையைப் பாதியில் விட்டிருந்தேன். சைக்கிள் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே அது காத்திருக்கும். இந்த வாரம் மச்சான்.

நிற்காத பஸ்

கருப்பையா மச்சான் என் மனைவி கலாவின் அண்ணன். வீடு புதுக்கோட்டையில். குடுமியான்மலை வழியாகப் பொன்னமராவதி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பாயிண்ட் டு பாயிண்ட். ஏறினால் பொன்னமராவதியில்தான் இறங்கலாம். நடுவில் யார் கும்பிட்டாலும் நிற்காது.

மச்சானிடம் இரண்டு சொத்துகள் உண்டு. ஒன்று, தலைமுடி. நடுவயதிலும் நெற்றிக்கு மேல் ஒரு மேடு எழுப்பி, பின்னால் சரித்துச் சீவியிருப்பார். பஸ் எவ்வளவு குலுங்கினாலும் அந்த மேடு குலுங்காது. இன்னொன்று, இரண்டு வாக்கியங்கள். "நடுவுல நிக்காது, கேட்டு ஏறுங்க" என்பது ஏறும்போது. "சில்லறை இல்ல, பாக்கிய எறங்கும்போது வாங்கிக்கங்க" என்பது ஏறிய பிறகு. பாக்கியை மறந்து இறங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ, அந்தச் சாலையின் புளியமரங்களுக்குத்தான் தெரியும்.

அவருடைய கண்டிப்புக்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி தனலெட்சுமி, எனக்குத் தனம் அக்கா, பிறந்த வீடான குடுமியான்மலைக்குப் போக இவர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். புருஷன் பஸ்தானே, நிற்கும் என்று நினைத்திருக்கிறார். மலை வந்தது. மலை போனது. அக்கா எழுந்து நின்று பார்த்திருக்கிறார்.

"என்னங்க, எங்க ஊரு போயிருச்சு!"

"கேட்டுத்தான ஏறுன? பாயிண்ட் டு பாயிண்ட்டு. நடுவுல நிக்காது. போயி உக்காரு."

பொன்னமராவதி வரை போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, ஊர் ஊராக நின்று நின்று திரும்பி வந்தார் புதுப்பெண். கையில் மல்லிகைப்பூ வாடி, கண்ணில் நெருப்பு வாடாமல். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். அக்கா ஒருபோதும் சிரித்ததில்லை.

புண் தேடும் படலம்

மாசியோ பங்குனியோ, வெயில் ஓட்டின் மேல் முதல் தடவையாக உறைக்கத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சான் வீட்டுக்குப் போனால் மனிதர் கழுத்தில் பழுப்பாக ஏதோ பூசிக்கொண்டு, சுவரில் ஓட்டை அடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். வீடெல்லாம் சுக்கு.

"என்ன மச்சான் இது?"

"நெறி கட்டியிருக்கு மாப்ள. நெல்லிக்காய் சைஸு. வலியே இல்ல. தொட்டுப் பாருங்க, ரப்பர் பந்து மாதிரி இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். இருந்தது. வலி இல்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. வலிக்காமல் வளர்வதுதான் கவலைப்பட வேண்டிய கட்டி என்று பிற்பாடு டாக்டர் சொன்னபோது, அந்த நிம்மதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நெறி கட்டினால் எங்கள் பக்கத்தில் ஒரே கேள்விதான்: புண் எங்கே? காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல் கெட்டால் தாடைக்குக் கீழே கட்டும். புண் ஆறினால் நெறி தானாகக் கரையும். ஆகவே நெறியை யாரும் பார்ப்பதில்லை; புண்ணைத் தேடுவார்கள்.

தேடினோம். கலா செல்போன் டார்ச்சை அடித்து அண்ணனின் காதுக்குள் பார்த்தாள்.

"ஏண்டி, உள்ள என்ன தெரியுது?"

"இங்கிட்டு ஒண்ணும் இல்லண்ணே. அங்கிட்டுத் திரும்பு."

"அங்கிட்டும் ஒண்ணும் இருக்காது. அவரு காதுக்குள்ள நான் சொன்னது எதுவும் இதுவரைக்கும் போனதே இல்ல" என்றார் தனம் அக்கா.

பிறகு வாய். கடைவாய்ப் பல் ஒன்றில் கடுகளவு கறுப்பு. "கிடைச்சிருச்சு!" என்று நாங்கள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பல் டாக்டர், இதைப் பிடுங்கத் தேவையில்லை, அடைத்தால் போதும் என்றார். மச்சான் விடவில்லை. ஆடாமல் அசையாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நல்ல பல், குடும்ப நலனுக்காகத் தியாகம் ஆனது.

நெல்லிக்காய் அதற்குள் எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது.

மிச்சம் இருந்தது தலை. உச்சந்தலையில் ஏதாவது பொடுகுப் புண் இருந்தாலும் கழுத்தில் நெறி கட்டும் என்று கலா சொன்னாள். ஆனால் அந்தக் கருங்காட்டுக்குள் டார்ச் அடித்து என்ன பார்ப்பது? முடியை எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மச்சான் அன்று முழுவதும் சீப்பும் கையுமாகக் கண்ணாடி முன்னால் நின்றார். மறுநாள் சலூனுக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். சலூன்காரர் செல்வம் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது நான் கட்டுன வீடுண்ணே."

வீடு இடிந்தது. மேடு சரிந்து தரையில் விழுந்தது. நானும் செல்வமும் மச்சானின் தலையைக் கண்ணாடிச் சொம்பைப் போல உருட்டி உருட்டிப் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. பிறந்த குழந்தையின் தலை போலப் பழுதே இல்லாத தலை. எங்கள் வாழ்க்கையில் ஒரு நல்ல தலையைப் பார்த்து இவ்வளவு வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

குடுமிச் சாமி

மொட்டையோடு டூட்டிக்குப் போனவரை ஏறுகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். எங்கள் ஊர்களில் நடுவயது ஆள் திடீரென்று மொட்டை போட்டிருந்தால் அடுத்த கேள்வி, "யாரு, அப்பாவா ஆத்தாவா?" என்பதுதான். இருவரும் போய்ப் பல வருஷம் ஆன மச்சானுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நெறிக்குப் புண் தேடினோம் என்று சொன்னால் பஸ்ஸே சிரிக்கும். அந்த நேரம் ஜன்னலில் மலை தெரிந்திருக்கிறது.

"வேண்டுதல்ங்க. குடுமியான்மலைக்கு."

அன்றிலிருந்து தனம் அக்காவுக்குத் தூக்கம் போனது. "சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டு வந்திருக்காரு தம்பி. அந்த முடி சலூன் குப்பையில கெடக்கு. சாமி கேக்காதா?"

இங்கே அந்தச் சாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாமிக்குச் சாத்த வேண்டிய பூவை அர்ச்சகர் தான் விரும்பிய பெண்ணுக்குச் சூடக் கொடுத்துவிட்டார். திடீரென்று ராஜா வந்து நிற்க, அந்தப் பூவையே வாங்கிப் பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் ஒரு முடி. இது என்ன என்று ராஜா கேட்க, சாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் அளந்துவிட்டார். காட்டு என்றார் ராஜா. பார்த்தால், கல் லிங்கத்தின் தலையில் குடுமி. பொய் சொன்ன ஒரு மனிதனைக் காப்பாற்றத் தன் தலையில் முடி வளர்த்துக்கொண்ட சாமி உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா?

இதைத்தான் அக்காவிடம் சொன்னேன். "பொய்க்காரங்க பக்கம் நிக்கிற சாமிக்கா அது. மச்சான் கேஸ் எல்லாம் அதுக்குத் தூசி."

அக்கா சமாதானம் ஆகவில்லை. "அப்படின்னா முடி மொளைக்கட்டும். மொளைச்சதும் நெசமாவே குடுத்துரணும்."

இதற்கிடையில் எலுமிச்சை சாத்துக்குடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விடியற்காலையில் மச்சானின் பனியன் பிழியலாம் போல நனைந்திருந்தது. பெல்ட்டுக்கு ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டார்கள். அதற்கு மேல் யாரும் புண் தேடவில்லை. திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

டாக்டரம்மாவின் ரூட் போர்டு

ஊசியில் குத்தி எடுத்துப் பார்த்தார்கள்; போதவில்லை என்றார்கள். கட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். ரிசல்ட் வந்த அன்று நான், மச்சான், அக்கா மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். சின்ன வயசு டாக்டரம்மா. எதையும் ஒளிக்காமல், அவசரப்படாமல் பேசினார்.

"இது நிணநீர்க் கணுவுல வர்ற புற்றுநோய். லிம்ஃபோமான்னு சொல்லுவோம்."

மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இதுல எத்தனை ரூட் டாக்டர்?"

டாக்டரம்மா முழித்தார். நான், "எத்தனை வகைன்னு கேக்குறாருங்க" என்றேன்.

"நிறைய வகை இருக்கு. ரெண்டு பெரிய குடும்பம். ஹாட்ஜ்கின்னு ஒண்ணு. அது இல்லாத மத்ததெல்லாம் இன்னொண்ணு. உங்களுக்கு ரெண்டாவது. அதுக்குள்ளயும் மெதுவா வளர்றது இருக்கு, வேகமா வளர்றது இருக்கு. மெதுவான வகை வருஷக்கணக்கா உடம்புல இருக்கும், போற மாதிரி போகும், திரும்ப வரும். அவ்வளவு சீக்கிரம் முழுசா ஒழிக்க முடியாது."

"டவுன் பஸ்" என்றார் மச்சான். "ஸ்டாப் ஸ்டாப்பா நின்னு போறது."

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "ஆமா. வேகமான வகையிலயும் பல ஜாதி இருக்கு. பர்கிட்னு ஒண்ணு, எல்லாத்தையும் விட வேகம். ஒண்ணு ரெண்டு நாள்லயே ரெட்டிப்பு ஆகிரும். சிலது வயித்துல ஆரம்பிக்கும், சிலது மூளையில. உங்களுது பெரிய பி செல் வகை. வேகமான வகையில இதுதான் அதிகமா பார்க்கிறோம். விட்டு வச்சா மாசக் கணக்குதான்."

தனம் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஆனா" என்றார் டாக்டரம்மா, "வேகமா பெருகுற செல்லைத்தான் மருந்து நல்லா அடிக்கும். அதனால மெதுவான வகையை விட இதை முழுசா குணப்படுத்த வாய்ப்பு அதிகம். மூணு வாரத்துக்கு ஒருக்கா மருந்து, ஆறு தடவை. ஒண்ணு விடாம வரணும்."

"அப்ப எனக்கு வந்தது பாயிண்ட் டு பாயிண்ட்டு."

"அப்படியே வச்சுக்குங்க. முடி கொட்டும். அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கங்க."

மச்சான் தன் மொட்டைத் தலையைத் தடவினார். "அந்த வேலைய நாங்களே முடிச்சுட்டுத்தான் டாக்டர் வந்திருக்கோம்."

ஐந்து நாள் ராஜா

முதல் மருந்து ஏற்றிய அன்று சாயங்காலம் பாத்ரூமிலிருந்து ஒரு அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள! ரத்தம்! ரோஸ்மில்க் மாதிரி போகுது!"

அன்று காலையில் சிவப்பு மருந்து ஒன்று ஏற்றும்போதே நர்ஸ் சொல்லியிருந்தார், ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று. மச்சான் அந்த நேரம் பக்கத்துக் கட்டில்காரரிடம், அவர் எந்த பஸ்ஸில் வந்தார், வழியில் எங்கெங்கே நிறுத்தினான் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஊசி மருந்தோடு ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் மாத்திரை உண்டு. ஸ்டீராய்டு. அந்த ஐந்து நாளும் மச்சான் மனிதர் இல்லை, திருவிழா. விடிந்ததும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவார். சீலிங் பேனைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டத் தெரியாமல் விடுவார். இட்லி சாப்பிட்டு முடித்த இலையை மடிப்பதற்குள் மதியம் என்ன குழம்பு என்பார். கறிக்கடைக்காரர், இந்த வீட்டில் யாருக்கு விசேஷம் என்று கேட்டார்.

"புத்துநோய்க்காரர் வீடுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க தம்பி" என்றார் அக்கா. "ஆறாவது நாளு பாருங்க, காத்துப் போன டயரு."

உண்மைதான். ஆறாவது நாள் பாயில் சுருண்டு கிடப்பார். வாயெல்லாம் புண். நாங்கள் மாதக்கணக்கில் தேடிய புண், தேடாதபோது வந்தது. அன்றைக்கு யாரும் "கிடைச்சிருச்சு" என்று கத்தவில்லை.

படியில் நின்ற மச்சான்

மூன்றாவது சுற்று முடிந்ததும் கழுத்தில் ஒன்றுமே இல்லை. தடவிப் பார்த்தால் கழுத்துதான் இருந்தது. வியர்வை இல்லை, காய்ச்சல் இல்லை. பெல்ட் பழைய ஓட்டைக்கே திரும்பி வந்தது. குடும்பமே கொண்டாடியது. மச்சான் மட்டும் தினசரிப் பேப்பரை நீளமாக மடித்து வைத்துக்கொண்டு கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான் செய்றீங்க?"

"விரல் நுனி மரத்துப் போச்சு மாப்ள. டிக்கெட் ஒண்ணு கிழிச்சா ரெண்டு வருது. மருந்து செய்ற வேலை. இன்னும் மூணு தடவை ஏத்துனா இந்தக் கை அம்புட்டுதான். கட்டிதான் போயிருச்சுல்ல, அப்புறம் எதுக்கு?"

டாக்டரம்மா போனிலேயே சொன்னார்: அந்த மருந்தின் அளவைக் குறைக்கிறேன், விரல் பெரும்பாலும் மெல்ல மெல்லத் திரும்பும், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கும் செல் அதே வேகத்தில் திரும்பி வரும், அப்போது பிடிப்பது கஷ்டம். மச்சான் "சரிங்க டாக்டர்" என்றார். அவர் சரி என்று சொன்ன விதத்திலேயே அது சரி இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான்காவது சுற்றுக்குப் போகும் அன்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. திருச்சி பஸ்ஸில் மூவரும் ஏறி உட்கார்ந்தோம். முறுக்கு விற்பவர் இறங்கினார். டிரைவர் கியரைப் போட்டார். அந்தக் கணம் மச்சான் எழுந்து, வழியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு படிக்குப் போனார்.

"நான் வரல. நீங்க போயி டாக்டர்கிட்ட சொல்லிருங்க, நான் நல்லா இருக்கேன்னு."

தனம் அக்கா எழுந்து போனார். மச்சானுக்கும் படிக்கும் நடுவில் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுத்தான ஏறுனீங்க?"

"தனம், வழிய விடு."

"டாக்டரம்மா சொன்னப்ப பக்கத்துல நானும்தான உக்காந்திருந்தேன். ஒங்களுக்கு வந்தது என்ன பஸ்ஸுன்னு நீங்கதான சொன்னீங்க? பாயிண்ட் டு பாயிண்ட்டு. நடுவுல நிக்காது." அக்காவின் குரல் ஒரு தடவை உடைந்து, திரும்ப ஒட்டிக்கொண்டது. "போயி உக்காருங்க."

அந்த பஸ்ஸின் கண்டக்டர் மச்சானைத் தெரிந்தவர். விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் தன் மனைவியைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் வாடிய மல்லிகையோடு டவுன் பஸ்ஸில் நின்று நின்று வந்த அந்தப் பெண், இத்தனை வருஷமும் இந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே பத்திரமாக வைத்திருந்தது போல இருந்தது.

போய் உட்கார்ந்தார். அக்கா அவருடைய கையை மடியில் வைத்துக்கொண்டு, மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தார். வெளியே கருவேலங்காடும் செம்மண்ணும் பின்னால் பின்னால் ஓடின. பஸ் எங்கும் நிற்கவில்லை.

சுருள்

ஆறும் முடிந்தது. ஸ்கேனில் நோய் இருந்தால் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியுமாம். கழுத்து இருட்டாக இருந்தது. ஒரு இருட்டைப் பார்த்து நாங்கள் அப்படிச் சந்தோஷப்பட்டோம். "இப்ப எதுவும் இல்ல. ஆனா இது திரும்பி வர்றதுன்னா பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துல வரும். அதுவரைக்கும் ஒழுங்கா செக்கப் வரணும்" என்றார் டாக்டரம்மா.

விரல்கள் திரும்பின, சுண்டு விரல் தவிர. முடியும் திரும்பியது, ஆனால் அது அவர் முடி இல்லை. ஆயுசு முழுக்கக் கம்பியாக நின்ற முடி, இப்போது சுருள் சுருளாக, தேர்ச்சிற்பத்தில் இருக்கும் குட்டிப் பூதத்தின் தலை போல முளைத்தது. செல்வம் சலூனில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இத நான் கட்டலண்ணே" என்று கும்பிட்டார். மச்சான் சீப்பை மாற்றினார். கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடியது.

போன மாதம் நானும் தனம் அக்காவும் புதுக்கோட்டையில் மச்சானின் பஸ்ஸில் ஏறினோம்.

"குடுமியான்மலை ரெண்டு" என்றார் அக்கா.

"நிக்காது."

"நிக்கும்."

மச்சான் டிக்கெட்டைக் கிழித்தார். இரண்டு கேட்டதற்கு இரண்டுதான் வந்தது. தூரத்தில் மலை எழுந்து வந்தது, வெயிலில் யானை படுத்திருப்பது போல. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானின் விசில் ஒலித்தது. பஸ் நின்றது. டிரைவர் திரும்பி, "என்னண்ணே, யாருக்காச்சும் மயக்கமா?" என்றார்.

இறங்கினோம். அக்கா ரோட்டில் நின்று படியைப் பார்த்தார். "நீங்களும் எறங்குங்க. முடி குடுக்கணும். பொய்யாச் சொன்னாலும் வேண்டுதல் வேண்டுதல்தான். எப்பத்தான் குடுப்பீங்க?"

மச்சான் படியில் தொங்கியபடி மலையைப் பார்த்தார். சுருள் முடி காற்றில் ஆடியது. ஒரு நொடி அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அடுத்த செக்கப் ஐப்பசியில் என்று மூவருக்கும் தெரியும்.

பிறகு விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், ஊதாமல் எடுத்துவிட்டுச் சொன்னார்:

"சாமிகிட்டச் சொல்லு தனம், இப்ப சில்லறை இல்லையாம். பாக்கிய நான் எறங்கும்போது வாங்கிக்கச் சொல்லு. ரைட், போலாம்!"